பழைய லினக்ஸ் கணினியில் ஃப்ளாப்பி படிக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

386, 486 கணினிகளை இன்னும் உயிரோடு வைத்திருப்பவர்களும், தொண்ணூறுகளில் எழுதிவைத்த வட்டுகளை இப்போது திறந்து பார்க்க ஆசைப்படுபவர்களும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் சொல்பவை லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் 1.2, 2.0 வரிசைகளுக்குப் பொருந்தும். என் மேசையில் ஓடுவது ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பைப் போட்ட ஒரு 486. கட்டளைகளையும் கெர்னலின் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் வரும்.

வட்டைப் போட்டதும் "ஐ/ஓ எர்ரர்" என்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வட்டை வெளியே எடுங்கள். அதன் மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். மூன்றரை அங்குல வட்டில் துளை திறந்திருந்தால் யாரும் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல வட்டில் இது நேர்மாறு: விளிம்பிலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் எழுத முடியாது. சந்தேகத்துக்குரிய வட்டை எழுதத் திறந்த நிலையில் டிரைவுக்குள் விடவே கூடாது.

அடுத்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த, போனாலும் கவலையில்லாத இன்னொரு வட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் படிக்கவில்லை என்றால் டிரைவ் அல்லது கேபிள்தான் காரணம். அது படித்தால், முதல் வட்டு பழுது, அல்லது நீங்கள் கொடுத்த கட்டளை தவறு. இந்த மூன்றில் எது என்று தெரியும் முன்பே ஃபார்மட் செய்யப் புறப்படுபவர்கள் நிறைய. கெர்னல் "படிக்க முடியவில்லை" என்றுதான் சொன்னது, "அழித்துவிடு" என்று சொல்லவில்லை.

இரண்டாவது வட்டைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. முதல் வட்டின் உலோக மூடியை விரலால் விலக்கி, உள்ளே வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டிரைவில் வேறெதையும் போடாதீர்கள். வட்டைப் படித்து எழுதும் ஹெட்டில் ஒட்டிய அழுக்கு காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் ஒரே மாலையில் ஆறு வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்த வாய்க்குக் கொடுத்தவன் நான். ஆறாவது வட்டும் போன பிறகுதான் மூடியை விலக்கிப் பார்த்தேன்.

கெர்னல் தரும் செய்தியை எப்படிப் படிப்பது?

"டிமெசெக்" கட்டளையைக் கொடுத்தால் கடைசியில் வரும் வரிகளில் காரணம் இருக்கும். அதைப் படிக்காமல் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, படித்தால் வேலை பாதி முடிந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வட்டில் தரவு டிராக் எனும் வட்டப் பாதைகளில், செக்டர் எனும் துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு செக்டருக்கும் இரண்டு பாகங்கள். முதலில் ஒரு முகவரித் தலைப்பு: எந்த டிராக், எந்தப் பக்கம், எத்தனையாவது செக்டர், என்ன அளவு. அந்த முகவரிக்கென்று ஒரு சரிபார்ப்பு எண். பிறகு ஒரு சிறு இடைவெளி. அதன்பின் 512 பைட் தரவும், அதற்கென்று தனியாக இன்னொரு சரிபார்ப்பு எண்ணும். கட்டுப்படுத்தும் சில்லு முதலில் வீட்டு எண்ணைத் தேடுகிறது, கிடைத்த பிறகுதான் கதவைத் திறக்கிறது.

"செக்டர் நாட் ஃபவுண்ட்" என்றால் வட்டு முழுச் சுற்றுச் சுற்றியும் அந்த வீட்டு எண் கண்ணில் படவில்லை என்று பொருள். வட்டு ஃபார்மட் செய்யப்படாதிருக்கலாம், வேறு வடிவத்தில் ஃபார்மட் ஆகியிருக்கலாம், ஹெட் தவறான டிராக்கில் நிற்கலாம். "டேட்டா சிஆர்சி எர்ரர்" என்றால் வீடு கிடைத்துவிட்டது, உள்ளிருந்த தரவுதான் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை. இது பெரும்பாலும் வட்டின் தேய்மானம், அல்லது ஹெட்டின் அழுக்கு. முதல் வகைப் பிழையில் வடிவத்தையும் டிரைவையும் சந்தேகியுங்கள், இரண்டாவதில் வட்டின் பரப்பையும் ஹெட்டையும்.

முழு வரி இப்படி இருக்கும்: "ஃப்ளாப்பி0: செக்டர் நாட் ஃபவுண்ட்: டிராக் 0, ஹெட் 1, செக்டர் 1, சைஸ் 2". கடைசியில் வரும் அந்த 2 பலரைக் குழப்புகிறது. அது அளவின் குறியீடு: 128ஐ இரண்டு முறை இரட்டித்தால் 512. பயப்பட ஒன்றுமில்லை.

சில சமயம் "எண்ட் ரிக்வெஸ்ட்: ஐ/ஓ எர்ரர், டெவ் 02:00, செக்டர் 1000" என்று மட்டும் வரும். 02:00 என்பது முதல் ஃப்ளாப்பி டிரைவின் எண். 1000ஐ டிராக்காக மாற்ற 36ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு டிராக்கில் பக்கத்துக்கு 18 செக்டர், இரண்டு பக்கம். ஈவு 27, மீதி 28. அந்த மீதியை 18ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 10. செக்டர்களை 1இலிருந்து எண்ணுவதால், பழுது இருக்கும் இடம் டிராக் 27, ஹெட் 1, செக்டர் 11.

இதை ஏன் கணக்கிட வேண்டும்? ஒரு காகிதத்தில் பத்துப் பிழைகளைக் குறித்துப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியும். ஒரே வட்டில் ஒரே இடம் என்றால் வட்டு. எந்த வட்டைப் போட்டாலும் ஹெட் 0 மட்டும், அல்லது ஹெட் 1 மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஹெட் அழுக்கு. டிராக் எண் ஏற ஏறப் பிழை கூடினால், வட்டின் மையத்தை நெருங்க நெருங்கத் திணறுகிறது. டிராக் 0 வெளி விளிம்பில், 79 உள்ளே. உள்ளே சுற்றளவு குறைவு, ஆனால் எழுதும் தரவு அதே அளவு. எனவே பலவீனமான வட்டு உள்பக்கத்தில்தான் முதலில் கைவிடும். தானே எழுதியதை நன்றாகப் படித்து, பிறர் எழுதியதை மறுக்கும் டிரைவுக்கு ஹெட்டின் நேர்கோடு விலகியிருக்கிறது.

கெர்னல் பிழை எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மவுண்ட் ஆகவில்லை.

அப்படியானால் டிரைவ் நிரபராதி. மவுண்ட் என்பது வட்டிலுள்ள கோப்புகளை ஓர் அடைவின் வழியாகத் திறந்துகாட்டுவது. "ராங் எஃப்எஸ் டைப்" என்ற செய்தி வந்தால் கோப்பு முறைமையின் வகையை நீங்கள் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள், அல்லது அந்த வகைக்கான பகுதி உங்கள் கெர்னலில் இல்லை. "/ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ்" கோப்பைத் திறந்து பாருங்கள். டாஸ் வட்டுக்கு எம்எஸ்டாஸ். நீண்ட பெயர்கள் இருந்தால் விஃபேட். அந்தக் கால லினக்ஸ்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வட்டுகளில் மினிக்ஸ் முறைமையும் நிறைய உண்டு, ஏனென்றால் அது லினக்ஸின் சொந்த முறைமையான இஎக்ஸ்டி2ஐ விடக் குறைந்த இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிட்டார்கள். கோப்பு முறைமையே இல்லாத வட்டுகள் இருந்தன. யூனிக்ஸ் பழக்கத்தில் வந்தவர்கள் "டார்" கட்டளையால் வட்டின் மீதே நேரடியாக எழுதுவார்கள். அதை எத்தனை முறை மவுண்ட் செய்தாலும் ஆகாது. "டார் டிவிஎஃப் /டெவ்/எஃப்டி0" என்று கொடுத்துப் பாருங்கள். பழுதென்று தூக்கி எறியவிருந்த வட்டு சாதுவாகப் பட்டியலைக் கொடுக்கும்.

"நாட் எ வேலிட் பிளாக் டிவைஸ்" என்றால் கெர்னலில் ஃப்ளாப்பி டிரைவர் நிரலே இல்லை, அல்லது மாட்யூலாக இருந்து ஏற்றப்படவில்லை. "நோ சச் டிவைஸ் ஆர் அட்ரஸ்" என்று வந்தால் கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன கணினிகளில் டிரைவின் வகை "இல்லை" என்றோ 360 கிலோபைட் என்றோ மாறிப்போயிருக்கும். கெர்னல் டிரைவின் வகையை அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறது.

எஃப்டி0, எஃப்டி0எச்1440 என்று இத்தனை பெயர்கள் எதற்கு?

எஃப்டி0 என்று கேட்டால் கெர்னல் வடிவத்தைத் தானே கண்டுபிடிக்க முயலும். படிப்பதற்கு அதுவே போதும். ஃபார்மட் செய்யும்போது கண்டுபிடிக்க வட்டில் ஒன்றும் இல்லை, எனவே நீங்கள்தான் சொல்ல வேண்டும்: முதல் டிரைவ், 1440 கிலோபைட். சில அமைப்புகளில் நடுவில் எச் இருக்கும், சிலவற்றில் யு இருக்கும். பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கெர்னல் சாதனத்தை அடையாளம் காணும் இரண்டு எண்களைப் பாருங்கள். மேஜர் 2, மைனர் 28 என்று இருந்தால் அது 1440. இல்லையென்றால் "எம்கேநோட்" கொண்டு நீங்களே செய்துகொள்ளலாம்.

80 டிராக், 2 பக்கம், 18 செக்டர், 512 பைட்: பெருக்கினால் 14,74,560 பைட். 1440ஐ 1024ஆல் பெருக்கிய எண் இது. அதை 1.44 மெகாபைட் என்று எழுதியவர் பாதி வழியில் ஆயிரத்துக்கு மாறிவிட்டார். எந்தக் கணக்கின்படியும் அது 1.44 அல்ல.

கணினியைப் போட்டதிலிருந்து டிரைவின் விளக்கு அணையவே இல்லை.

கேபிளைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே வட்டு இருந்தால் உடனே கணினியை அணையுங்கள்.

காரணம் தெரிந்தால் மறக்காது. 34 கம்பிகள் உள்ள கேபிளில் ஒற்றைப்படைக் கம்பிகள் எல்லாம் தரை, இரட்டைப்படைக் கம்பிகள் சமிக்ஞை. ஒவ்வொரு சமிக்ஞையும் தரைக்கு இழுக்கப்படும்போதுதான் "ஆம்" என்று அர்த்தம். தலைகீழாக மாட்டினால் எல்லாச் சமிக்ஞைகளும் தரையைத் தொட்டு நிற்கும்: மோட்டார் ஓடு, விளக்கு எரி, எழுது. கடைசிக் கட்டளைதான் ஆபத்தானது. எழுதத் திறந்திருக்கும் வட்டு உள்ளே இருந்தால் ஹெட் நிற்கும் டிராக் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. கேபிளின் சிவப்பு ஓரம் முதல் முள்ளின் பக்கம் இருக்க வேண்டும். டிரைவில் அது பெரும்பாலும் மின் இணைப்பின் பக்கம் இருக்கும், ஆனால் எல்லா டிரைவிலும் இல்லை. பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே மாட்டுங்கள்.

கேபிளின் நடுவில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கைத் தாண்டிய முனையில் மாட்டிய டிரைவ் எஃப்டி0, அதற்கு முன்னால் உள்ளதில் மாட்டியது எஃப்டி1. இடம் மாறினால் கெர்னல் ஒரு டிரைவைக் கூப்பிட வேறொன்று எழுந்து வரும்.

வட்டை மாற்றிவிட்டேன். பழைய வட்டின் பட்டியலே வருகிறது!

எழுதாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் இந்த நிலையில் எழுதாதீர்கள். பழைய வட்டின் கோப்பு அட்டவணையைப் புதிய வட்டின் மேல் கெர்னல் எழுதிவிட்டால் இரண்டு வட்டின் கதையும் கந்தல்.

வட்டு மாறியதைச் சொல்வதற்கு டிரைவிலிருந்து ஒரு தனிக் கம்பி வருகிறது, 34ஆம் முள். வட்டை வெளியே எடுத்தால் அது எழுந்துகொள்ளும். புதிய வட்டு உள்ளே வந்து ஹெட் ஒரு டிராக் நகர்ந்த பிறகுதான் அடங்கும். கெர்னல் அதைப் பார்த்து "விஎஃப்எஸ்: டிஸ்க் சேஞ்ச் டிடெக்டட்" என்று அறிவித்து, நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய படிகளைத் தூக்கி எறியும். அந்தக் கம்பி அறுந்திருந்தாலோ, அந்த முள்ளில் வேறு சமிக்ஞையை அனுப்பும்படி டிரைவின் ஜம்பர் (முட்களை இணைக்கும் சிறு செருகி) இருந்தாலோ, கெர்னலுக்குச் செய்தியே போகாது. அது தன் நினைவில் உள்ளதை உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். பழைய 360 கிலோபைட் டிரைவுகளில் பலவற்றுக்கு இந்தச் சமிக்ஞையே கிடையாது.

முதலில் கேபிளை மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கெர்னலைத் தொடங்கும்போது "ஃப்ளாப்பி=புரோக்கன்_டிசிஎல்" என்று கொடுக்கலாம். அந்தக் கம்பியை நம்பாமல், சாதனக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வட்டு மாறிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும், தரவு பிழைக்கும். ஐபிஎம் திங்க்பேடுகளில் இந்தக் கம்பியின் அர்த்தமே தலைகீழ், அவற்றுக்கென்று "ஃப்ளாப்பி=திங்க்பேட்" என்ற தனி விருப்பம் இருக்கிறது.

இந்தச் சமிக்ஞை தொடக்கம் முதலே தலைவலிதான். 1991இல் வந்த 0.01 பதிப்பில் ஃப்ளாப்பி டிரைவர் நிரலே இல்லை. பிறகு லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியபோது, இந்தக் கோப்பு ஒரே குளறுபடி, ஃப்ளாப்பிக்கு நிரல் எழுதுவது தனக்குப் பிடிக்காது, தன்னிடம் இருப்பதும் ஒரே டிரைவ்தான் என்று அதன் தலைப்பிலேயே குறிப்பு எழுதிவைத்தார். வடிவத்தைத் தானாகக் கண்டறிவதைச் சேர்த்து, வட்டு மாறும் சமிக்ஞையிலிருந்த சில கோளாறுகளையும் சரிசெய்தவர் வெர்னர் அல்மெஸ்பெர்கர். லினக்ஸைத் தொடக்கிவைக்கும் லிலோ நிரலை எழுதியவரும் அவரே. பிறகு அலன் நாஃப் இதைக் கையில் எடுத்து விரிவாக்கினார்.

கோப்பை நகலெடுத்தேன், பிழை வரவில்லை. வேறு கணினியில் வட்டு காலியாக இருக்கிறது.

யுமவுண்ட் செய்யாமல், அதாவது மவுண்டை விடுவிக்காமல், எடுத்திருக்கிறீர்கள். நகலெடுக்கும் கட்டளை முடிந்தது என்றால் தரவு நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். வட்டுக்குப் போக அரை நிமிடம் வரை ஆகலாம். விளக்கு அணைந்திருப்பதை நம்பாதீர்கள், அடுத்த எழுத்து இன்னும் புறப்படவில்லை, அவ்வளவுதான். மேக்கிலும் சன் கணினிகளிலும் இயங்குதளம் சம்மதித்தால்தான் மோட்டார் வட்டை வெளியே தள்ளும். பிசி டிரைவில் இருப்பது வெறும் இயந்திரப் பொத்தான், அது கெர்னலிடம் அனுமதி கேட்பதில்லை.

சாதாரணமாக மவுண்ட் செய்து, எதையும் எழுதாமல் படித்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். மினிக்ஸ், இஎக்ஸ்டி2 முறைமைகளில் கோப்பை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்ற நேரத்தைக் கெர்னல் வட்டில் குறித்துவைக்க விரும்பும். மவுண்ட் ஆன வட்டைப் பிடுங்கினால் "பிஸி ஐநோட்ஸ் ஆன் சேஞ்ச்ட் மீடியா" என்று புலம்பும்.

"டிவைஸ் இஸ் பிஸி" என்று யுமவுண்ட் மறுத்தால், ஏதோ ஒரு திரையில் நீங்கள் அந்த அடைவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே வந்து மறுபடி கொடுங்கள்.

டாஸ் வட்டு என்றால் மவுண்ட் செய்யவே வேண்டாம். எம்டூல்ஸ் இருக்கிறது: "எம்டிர் ஏ:", "எம்காப்பி". வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம். என் வீட்டில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதை மட்டும்தான்.

நிறுவும் பூட் வட்டு பாதியில் நிற்கிறது.

"லோடிங்" என்ற சொல்லுக்குப் பின் புள்ளிகள் விழுந்து, நடுவில் நின்று, எண்கள் வரிசையாக வந்தால் வட்டைப் பயாஸால் படிக்க முடியவில்லை. இந்த நேரத்தில் லினக்ஸின் டிரைவர் நிரல் இன்னும் கண் விழிக்கவே இல்லை, அதைத் திட்டிப் பயனில்லை. லிலோ உள்ள வட்டில் "எல்" எழுத்துக்குப் பின் இரண்டு இலக்க எண் திரும்பத் திரும்ப வரும். 04 என்றால் செக்டர் கிடைக்கவில்லை, 10 என்றால் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, 40 என்றால் ஹெட் போய்ச் சேரவில்லை, 80 என்றால் டிரைவிடமிருந்து பதிலே இல்லை. 06 என்றால் வட்டு மாறியதாகச் சமிக்ஞை, மறுபடி தொடங்கிப் பாருங்கள்.

புள்ளிகள் எல்லாம் முடிந்து, கெர்னலை விரிக்கும்போது "சிஆர்சி எர்ரர்" என்று நின்றால் வட்டுப் பிம்பமே (முழு வட்டின் நேர்நகலான கோப்பு) பழுதாக எழுதப்பட்டிருக்கலாம். நினைவகம் பழுதாக இருந்தாலும் இதே செய்தி வரும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிம்பக் கோப்பை டாஸில் வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, பூட் ஆகவில்லை என்பார்கள். அது வட்டின் முதல் செக்டரிலிருந்து அப்படியே பதிய வேண்டும். டாஸில் இதற்கு "ராரைட்", லினக்ஸில் "டிடி". இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டாஸ் முறைமை கெட்ட இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிப் போகும். வட்டுப் பிம்பத்துக்குத் தாண்டத் தெரியாது. சில கெட்ட செக்டர்கள் உள்ள வட்டு கடிதங்களைச் சேமிக்க உதவும், பூட் வட்டாக உதவாது. ஸ்லாக்வேரின் பூட், ரூட் வட்டுகள் இந்த வகை. ஏ, ஏபி, என் என்று வரிசையாக வந்த மற்றவை சாதாரண டாஸ் வட்டுகள், அவற்றில் ஒன்றிரண்டு கெட்ட இடம் இருந்தாலும் பரவாயில்லை.

எழுதிய பின் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் உடனே "சிஎம்பி" கொடுத்தால் நினைவகத்தில் உள்ள படியோடு ஒப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும். வட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

"அன்எக்ஸ்பெக்டட் இன்டரப்ட்", "டைம்அவுட்" என்று வருகிறது.

இன்டரப்ட் என்பது சாதனம் செயலியைக் கூப்பிடும் வழி, டிஎம்ஏ என்பது தரவு நேரடியாக நினைவகத்துக்குப் போகும் வழி. ஃப்ளாப்பிக்கு உரியவை இன்டரப்ட் 6, டிஎம்ஏ தடம் 2. இவற்றில் வேறொரு அட்டை உட்கார்ந்திருக்கிறதா என்று "/ப்ராக்/இன்டரப்ட்ஸ்", "/ப்ராக்/டிஎம்ஏ" கோப்புகளில் பாருங்கள். ஃப்ளாப்பி கேபிளிலேயே தொங்கும் டேப் டிரைவ் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. மதர்போர்டில் ஒன்றும் பழைய அட்டையில் ஒன்றுமாக இரண்டு ஃப்ளாப்பி கட்டுப்படுத்திகள் இருந்தால் ஒன்றை ஜம்பரால் அணைத்துவிடுங்கள்.

ஐபிஎம் எல்40எஸ்எக்ஸ் மடிக்கணினியில் திரையின் சில நிலைகளில் மட்டும் இந்த இன்டரப்ட் செய்தி கொட்டும். அதனால் கெடுதல் இல்லை. அதற்காகவே "ஃப்ளாப்பி=எல்40எஸ்எக்ஸ்" என்று ஒரு விருப்பத்தை வைத்திருக்கிறார்கள்.

1.2 மெகாபைட் டிரைவில் எழுதிய 360 கிலோபைட் வட்டை என் பழைய பிசி படிக்க மறுக்கிறது.

1.2 டிரைவின் ஹெட் 80 டிராக்குக்கானது, அதனால் மெலிந்த கோடு போடும். 360 டிரைவில் 40 டிராக், ஹெட் அகலம். ஏற்கெனவே அகலமாக எழுதியிருந்த டிராக்கின் மேல் மெலிந்த கோடு போட்டால், ஓரத்தில் பழைய தரவு மிச்சம் இருக்கும். அகல ஹெட் பழையதையும் புதியதையும் சேர்த்துப் படித்துத் திணறும். எழுத வேண்டுமென்றால் 360 டிரைவிலேயே எழுதுங்கள். வேறு வழியில்லை என்றால், இதுவரை எதுவும் எழுதாத புது வட்டில், அல்லது வலிய காந்தத்தால் முழுக்கத் துடைத்த வட்டில் எழுதுங்கள்.

720 வட்டில் துளை போட்டு 1440 ஆக்கியிருக்கிறேன்.

தெரியும், எல்லோரும் செய்தோம். இரண்டின் காந்தப் பூச்சும் ஒன்றல்ல. அப்போது படித்தது இப்போது படிக்காமல் போவதற்கு அதுவே போதுமான காரணம். அதிலுள்ளதை இன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் போட்ட அந்தத் துளையை ஒட்டுத்தாளால் மூடாதீர்கள் (எழுதுவதைத் தடுக்கும் துளை வேறு). மூடினால் டிரைவ் அதை 720 என்று நினைத்துக்கொள்ளும், 1440ஆக எழுதியது படிக்காது.

வட்டின் மேல் வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கின்றன.

பூஞ்சை. சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் அலமாரியில் பல வருடம் கிடந்த வட்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்த வட்டையும் கீறும். தரவு முக்கியம் என்றால் உறையைக் கவனமாகப் பிரித்து, உள்ளிருக்கும் மெல்லிய வட்டை மட்டும் எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் வேறொரு நல்ல உறைக்குள் வைக்க வேண்டும். நடுவிலுள்ள உலோகக் குடத்தை வளைத்துவிடாதீர்கள். முக்கியம் இல்லை என்றால் குப்பைக்கூடை.

ஹெட்டையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம். மேல் ஹெட் மெல்லிய தகட்டில் தொங்குகிறது. அதைத் தூக்கி உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பாதி படிக்கும் வட்டிலிருந்து தரவை மீட்பது எப்படி?

கோப்பு கோப்பாக நகலெடுக்க முயலாதீர்கள். முழு வட்டையும் ஒரே பிம்பமாக எடுத்துக்கொண்டு, அதன்பின் வன்தட்டில் வைத்து ஆராயுங்கள். "டிடி" கட்டளையோடு "கான்வ்=நோஎர்ரர்,சிங்க்" என்று சேர்த்தால், படிக்காத இடத்தில் நிற்காமல் சுழியங்களை நிரப்பிவிட்டுப் போகும். "சிங்க்" இல்லாவிட்டால் இடம் நகர்ந்துவிடும், பிறகு எந்தக் கோப்பும் தன் இடத்தில் இருக்காது. அளவை 512 என்று வையுங்கள். 18 கிலோபைட்டாக எடுத்தால் ஒரு செக்டர் கெட்டதற்காக இரண்டு பக்கமும் சேர்ந்த முழு டிராக்கையே இழக்க நேரலாம்.

ஒரு முறை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். வட்டை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள், ஒவ்வொரு முறையும் அது சற்று வேறுவிதமாக உட்காரும். வேறு டிரைவிலும் எடுங்கள். ஒரு டிரைவ் தவறவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். இரண்டு பிம்பங்களிலும் எந்த இடம் சுழியமாக இருக்கிறது என்று பார்த்து, ஒன்றின் ஓட்டையை இன்னொன்றால் அடைக்கலாம். முழுமையான பிம்பத்தை "லூப்" விருப்பத்தோடு மவுண்ட் செய்துகொள்ளலாம், அதையும் படிக்க மட்டும்.

இத்தனை முயற்சியும் வட்டைத் தேய்க்கும். முக்கியமான வட்டு என்றால் முதலில் ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, உதவாத வட்டு ஒன்றில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எஃப்டிஃபார்மட் முடிந்தது, ஆனாலும் மவுண்ட் ஆகவில்லையே?

அது வீட்டு எண்களை மட்டும்தான் எழுதும், வீட்டைக் கட்டாது. அதன்பின் "எம்ஃபார்மட் ஏ:" கொடுத்தால் டாஸ் வட்டு, "எம்கேஇ2எஃப்எஸ்" கொடுத்தால் லினக்ஸ் வட்டு. சரிபார்க்கும் கட்டத்தில் ஒரே ஒரு பிழை வந்தாலும் நான் அந்த வட்டை எறிந்துவிடுவேன். ஒரு செக்டர் போனால் அடுத்தது வரிசையில் நிற்கிறது.

18க்குப் பதிலாக 21 செக்டர் வைத்து 1680 கிலோபைட் எழுதலாம், அலன் நாஃபும் அவரது கூட்டாளிகளும் எழுதிய எஃப்டியூட்டில்ஸில் அதற்கான கருவி இருக்கிறது. செக்டர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் குறைத்துத்தான் அந்த இடம் கிடைக்கிறது. வேகம் சற்று விலகிய டிரைவுக்கு அந்த இடைவெளி போதாது. உங்கள் கணினியில் மட்டும் படித்துக்கொள்வதற்கு என்றால் செய்யுங்கள்.

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டுப் படித்துவிடலாமா?

1440, 720 டாஸ் வட்டுகளுக்குப் பெரும்பாலும் போதும். அதற்கு ஃப்ளாப்பி டிரைவர் நிரலோடு தொடர்பே இல்லை, லினக்ஸுக்கு அது ஒரு ஸ்கஸி வட்டு, எஃப்டி0 என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. 1680 போன்ற வடிவங்களை அது படிக்காது. பிழை வந்தால் எந்த டிராக், எந்த ஹெட் என்றும் சொல்லாது. அதனால்தான் 486 இன்னும் மேசையில் இருக்கிறது.